அவர் சொன்னது மனை, நான் எழுதியது மனெ

நான் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் ஒன்பது வருடம் ஆசையாகச் செய்த வேலை முடிந்து, அதற்கு இனி யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, அந்த நிலைக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் மைசூரிலிருந்து ஒரு போன். நான் இருந்த அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். ஊர் கொள்ளேகால் பக்கம், தமிழிலேயே பேசினாள். "அக்கா, எங்களுக்கு டேப்லெட் கொடுத்திருக்காங்க. வீட்டுக்காரங்க பேசினா அதுவே கேட்டுக் கன்னடத்துல எழுதிக்குது. ஆனா மேடம், அதைத் தொடறதுக்கு முன்னாடி செல்விகிட்ட ஒரு தடவை பேசுன்னு சொன்னாங்க." மேடம் என் பெயரைச் சொன்னார் என்பதே எனக்கு அன்று பெரிய செய்தி. போனில் பாதி சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அவள் கேட்காததும் சேர்ந்து வருகிறது.

எனக்கு ஊர் மார்டள்ளி, கர்நாடகத்துக்குள் இருக்கும் எல்லையோரத் தமிழ் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். தமிழ் எழுத்து கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் வந்தது. கன்னடத்தில் என் கையெழுத்தைப் பார்த்து ஹனூர் பள்ளி ஆசிரியர்கள் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இன்றும் உண்டு. பிறகு சாமராஜநகரில் சிவில் டிப்ளமோ. அங்கே புதிதாகக் கட்டுவதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

அதைக் கற்றது மைசூரில், சுனந்தா மேடத்தின் அலுவலகத்தில். பழைய கட்டடங்களைச் சீர்செய்து கொடுக்கும் கட்டடக் கலை அலுவலகம் அது. நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கடைத்தெருக்களை, இடிக்காமல், அங்கே பிழைப்பவர்களையும் வைத்துக்கொண்டு மீண்டும் நிமிர்த்த வேண்டும் என்பது திட்டம். எதையாவது நிமிர்த்துவதற்கு முன்னால் அது எப்படி நிற்கிறது என்று எழுத வேண்டும். எழுதும் ஆள் நான்.

ஒரு கட்டடத்துக்கு ஒரு ஷீட், நாலு பக்கம். முதல் பக்கத்தில் இடமும் பயனும். இரண்டாவதில் வரைபடம். மூன்றாவதில் காயங்கள்: விரிசல், ஈரம், கரையான். நானும் ஹேமாவும் ஜோடி. ஹேமா டேப் பிடிப்பாள், நான் எழுதுவேன். ஒரு அறை நாலு சுவர் அளவோடு முடியாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் அறை சதுரம். பழைய வீடுகளில் ஒன்றாக இருக்கவே இருக்காது. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியாக இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு 'டக்' என்று பதில் சொல்லும், உள்ளே விட்டுப்போனது 'டொக்' என்று சொல்லும். சாயத்தை அறுவை பிளேடால் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சுரண்டுவோம். முதல் கட்டத்தில் மேல் சாயம், அடுத்ததில் அதற்குக் கீழே உள்ளது என்று இறங்கிக்கொண்டே போனால் ஒரு கதவு முதலில் என்ன நிறத்தில் பிறந்தது என்று தெரியும். இப்போது பச்சையாக இருக்கும் ஒரு ஜன்னல், கடைசிக் கட்டத்தில் மயில் நீலமாக வெளியே வந்த மத்தியானத்தில் நானும் ஹேமாவும் சாப்பிடப் போக மறந்துவிட்டோம்.

மேடம் கன்னடக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் சொன்னதை எல்லாம் இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். ஷீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். 'பழைய சுவர்' என்று எழுதியிருந்தால் 'பழைய' என்ற சொல்லை அடித்துவிட்டு, "எதால கட்டினது? மண்ணா, செங்கல்லா? வயசு கேட்கலை, என்ன பொருள்னு கேட்டேன்" என்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஷீட்டை எடுப்பார். அந்த ஒன்றும் சொல்லாமைக்காக நாங்கள் உயிரை விடுவோம்.

நாலாவது பக்கம்தான் அவருக்கு முக்கியம். அது வீட்டுக்காரர் வாய்மொழி. யார் கட்டியது, யாருடையது, எப்போது எது மாறியது. அங்கேயே கன்னடத்தில் எழுத வேண்டும். எழுதியதை வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டி அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். படித்துக் காட்டாத வாக்கியத்தை மேடம் ஷீட்டில் சேர்க்க விடமாட்டார்.

மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு தெரு. கீழே கடை, மேலே வீடு என்று ஒரே வரிசை. நிலம் ஒரு தர்ம டிரஸ்ட்டுக்குச் சொந்தம். அந்த வரிசையில் லூர்து அண்ணன் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்டா, தேக்சா, வாளி, ஆள் உயரக் கரண்டி எல்லாம் தெருவரை வந்து நிற்கும். மூன்று தலைமுறையாக மைசூர்த் தமிழர். பேச்சில் பாதி கன்னடம். முதல் நாளே என் பேச்சைக் கேட்டு, "ஏம்மா, நீ மார்டள்ளியா? என் சம்சாரமும் அந்தப் பக்கந்தான். 'வாங்க போங்க'ன்னு மரியாதையாவே திட்டுவா" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி பிலோமி அக்கா, "திட்டறதுக்கு ஆளு இருக்காரே, அதச் சொல்லுங்க" என்றார்.

அந்த வீட்டை அளக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பாத்திரங்களை நகர்த்தி நகர்த்தித்தான் சுவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் நாலாவது பக்கத்துக்கு வந்தேன். பசி. அண்ணன் ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தமிழில் சொன்னார்:

"மனெ டிரஸ்ட்டோடது. தாத்தா கட்டினாரு."

நான் கன்னடத்தில் எழுதினேன்: "மனெ டிரஸ்ட்டினது. தாத்தா கட்டிதரு."

படித்துக் காட்டினேன். அவர், "ஹௌது, ஹௌது. சரியா இருக்கு" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழில் மனை என்றால் வீடு கட்டும் நிலம். பேசும்போது அது 'மனெ' என்றே வாயில் வரும். கன்னடத்தில் 'மனெ' என்றால் வீடு. அவர் சொன்னது, நிலம் டிரஸ்ட்டுடையது, அதில் வீட்டைக் கட்டிக்கொண்டது தாத்தா. நான் எழுதியது, வீடே டிரஸ்ட்டுடையது, அதைக் கட்டிய கொத்தனார் இவர் தாத்தா. நான் கன்னடத்தில் படித்தேன், அவர் அதைத் தமிழ்க் காதால் கேட்டார். அதே ஒலி. தவறு நடந்ததற்கு ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை. "தாத்தா கொத்தனாரா அண்ணா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அடுத்த வருடம் கூரை வேலைக்காக அந்த வரிசையைக் காலி செய்தார்கள். எல்லோருக்கும் தற்காலிகமாகத் தகரக் கொட்டகை கொடுத்தார்கள். வேலை பாதி முடிந்தபோது, யார் யார் திரும்பி வருவார்கள் என்று திட்டத்தை நடத்தும் கமிட்டியிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. கட்டடம் தங்களுடையது என்றவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை. வெறும் வாடகைக்காரர் என்றால் டிரஸ்ட்டின் விருப்பம். டிரஸ்ட்டுக்கு அந்த மாடிகளில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி வைக்க ஆசை இருந்தது. கீழே காபிக் கடை. லூர்து அண்ணன் பெயர் வாடகைக்காரர் பக்கத்தில் இருந்தது. தாத்தா காலத்துக் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை. இருந்த ஒரே எழுத்து என் ஷீட்.

அவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஷீட்டின் நகலை என் மேசையில் வைத்தார்.

"நீதானே எழுதுன?"

"ஆமாங்கண்ணா."

"நா என்ன சொன்னேன், நீ என்ன எழுதியிருக்க? வீடு அவங்களதுன்னு நா சொன்னேனா? சும்னே உக்காந்து கத எழுதினியா?"

நான் படித்துப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையெழுத்து, என் கன்னடம், என் ஷீட். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினேன்? கேட்டுட்டுத்தானே போட்டீங்க? இப்ப மாத்திப் பேசினா நான் என்ன பண்றதுங்க?"

அவர் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று, "நம்ம பொண்ணுன்னு நம்பி அண்டாவெல்லாம் நகத்திக் கொடுத்தேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்பிக்கு ஊருக்கு வெளியே ஒரு மனெ பார்த்திருக்கிறோம் என்றாள்.

"எத்தனை ரூம்மா?"

"ரூமா? வெறும் மனெடி. கல்லும் முள்ளும் கெடக்குது. இனிமேத்தான் கட்டோணும்."

"மனென்னா வீடில்லையா?"

"அது கன்னடத்துக்காரங்களுக்கு. நமக்கு மனெ வேற, வீடு வேற. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

போனை வைத்த பிறகு நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மத்தியான வெயில் அறைக்குள் வந்து போயிற்று. என்ன செய்தேன் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரிந்துவிட்டது. ஷீட்டில் எழுதியதைவிட, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது.

திங்கட்கிழமை காலை மேடத்திடம் சொன்னேன். இரண்டு சொல்லையும் தாளில் எழுதிக் காட்டி, ஒன்றைத் தமிழாகவும் ஒன்றைக் கன்னடமாகவும் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். "அதேதான் மேடம்" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அந்த வீட்டுப் பிளானை எடு."

எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சில் முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கு நடுவில் எல்லாம் ஒரே பொதுச்சுவர். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இருபுறமும் தனிச்சுவர். பக்கத்துச் சுவருக்கும் இதற்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மொட்டை மாடியில் நின்று நானே அளந்து வரைந்தது. வரிசையைக் கட்டியவர்கள் வேறு, இதைக் கட்டியவர் வேறு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டு வாக்கியத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் மேடம். "வீட்டுக்காரர் புதுசாத் தகவல் கொடுத்தார்னு ஒரு துணைத்தாள் சேர்க்கலாம். உன்னை யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா அவர் மாத்திப் பேசுறார்னு டிரஸ்ட் சொல்லும். இன்னொண்ணு, கமிட்டியில நீயே எழுந்து, தப்பு என்னோடதுன்னு சொல்றது. அப்ப நீ எழுதின எல்லா ஷீட்டையும் சந்தேகப்படுவாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"நான் சொல்ல மாட்டேன். 'எழுதியவர்'ங்கிற இடத்துல என் பேரா இருக்கு?"

அன்று சாயங்காலம் தகரக் கொட்டகைக்குப் போனேன். வெயிலில் காய்ந்த அண்டாக்களுக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சொல்லிவிட்டேன். மனையையும் மனெயையும் விளக்கினேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

"அப்ப, ஒரே வார்த்தைக்கு நீ ஒரு பக்கம், நா ஒரு பக்கம் மண்டைய ஆட்டியிருக்கோம்."

"கமிட்டியில சொல்றேங்கண்ணா."

"சொன்னா உன் வேலை?"

பிலோமி அக்கா, "அதெல்லாம் ஏன் கேக்கறீங்க? சொல்றேன்னு வந்திருக்கா. சொல்லட்டும் விடுங்க" என்றார்.

கமிட்டி கூடியது ஒரு அரசு அலுவலகத்தின் மாடி அறையில். தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். எதிரே டிரஸ்ட்டின் மேனேஜர். பின்வரிசையில் லூர்து அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். நான் எழுந்து சொன்னேன். மேனேஜர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சார், கொத்தனார் கட்டினா வீடு கொத்தனாரோடது ஆயிடுமா? இப்ப ஒரு வார்த்தையைப் பிடிச்சுட்டு வர்றாங்க. அந்தப் பார்டர் பக்கத்து ஆளுங்களுக்குக் கன்னடமும் ஒழுங்கா வராது, தமிழும் ஒழுங்கா வராது. அவங்ககிட்ட எழுதக் கொடுத்தா இப்படித்தான்."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த கையிலேயே அடித்த மாதிரி இருந்தது. அழுதுவிடக் கூடாது என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ரெண்டும் வரும் சார்" என்றேன். "ரெண்டும் வர்றதாலதான் இந்தத் தப்பு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சவங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்கலை. எனக்குத் தெரியும்னு எழுதிட்டேன்."

தலைவர் லூர்து அண்ணனை எழச் சொல்லி, தமிழில் நிலத்துக்கு என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டார். "மனெ, சார்." "வீட்டுக்கு?" "வீடு." தலைவர் குறிப்பெழுதும் குமாஸ்தாவைப் பார்க்க, அவர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தார். பிறகு நான் பிளானை விரித்து, இரட்டைச் சுவரையும் நடுவில் உள்ள இடைவெளியையும் காட்டினேன். பொறியாளருக்கு அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை. விரலை அந்தக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு, "இது வேற கட்டடம்" என்றார். மேனேஜர் மறுபடி ஏதோ ஆரம்பித்தார். "சுவரைப் பாருங்க" என்று பிளானை அவர் பக்கம் திருப்பினார் தலைவர்.

லூர்து அண்ணன் பெயர் உரிமை உள்ளவர் பட்டியலுக்கு மாறியது. அதே தீர்மானத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இந்த ஊழியர் எழுதிய எல்லா ஷீட்டுகளையும் வேறு ஆட்களை வைத்து மறுபடி எடுக்க வேண்டும். அது நியாயம். அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். வெளியே வந்து படியில் நின்றபோது மேடம் பக்கத்தில் வந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார். அந்த ஒன்றும் சொல்லாமையை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஒரு கமிட்டி சந்தேகப்பட்ட கையை அடுத்த கமிட்டியும் கேட்காது. சாமராஜநகருக்கு வந்துவிட்டேன். இப்போது புது வீடுகளுக்கு அனுமதி வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். நல்ல வேலை, மரியாதை இருக்கிறது, என் பெயரில் பலகை இருக்கிறது. அப்பா வந்து அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் எல்லா வரைபடமும் காலி நிலத்தில் தொடங்குகிறது. அறைகள் எல்லாம் சதுரம். குறுக்களவு எடுக்க ஒன்றுமில்லை. யாராவது சுவரில் சாய்ந்து பேசினால் என் விரல் முட்டி தானாக அந்தச் சுவரைத் தட்டப் போகிறது. சிமென்ட் சுவர் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். ஹேமா எப்போதாவது புகைப்படம் அனுப்புவாள்: சுரண்டிய கட்டங்கள், அடியில் ஒரு மஞ்சள், அதற்கும் அடியில் ஒரு சிவப்பு. பார்த்துவிட்டு அந்த நாள் முழுக்க யாரோடும் சரியாகப் பேச மாட்டேன்.

போன் செய்த பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தத் தெருவுக்குப் பிறகு மேடம் முறையை மாற்றிவிட்டார். இப்போது அங்கே வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுவதில்லை. எழுதியதை மூடி வைத்துவிட்டு, அவரை மறுபடி ஒரு தடவை அவர் வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். அதே வார்த்தையை இரண்டாம் தடவையும் சொன்னால், "அப்படின்னா என்ன?" என்று கேட்க வேண்டும். டேப்லெட் அதைக் கேட்காது.

லூர்து அண்ணன் திரும்பி வந்த நாளில் என்னைக் கூப்பிட்டிருந்தார். சாமராஜநகர் பஸ்ஸில் போய் இறங்கினேன். தெரு புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. அண்டாக்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ அப்போதே ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தேக்சா கேட்டு நின்றார்கள். அன்றைக்கே அந்த வீட்டின் மறு ஷீட் எடுக்கவும் ஆள் வந்திருந்தது எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த வேறொரு பெண், நாலு பக்கத்தையும் முடித்து, அண்ணன் முன் கையெழுத்துக்காக நீட்டினாள்.

அண்ணன் பேனாவை வாங்கவில்லை. "செல்வி படிச்சுப் பாக்கட்டும். அப்புறம் போடறேன்."

அந்தப் பெண் சங்கடப்பட்டாள். "சார், அவங்க இப்ப எங்க ஆபீஸ்ல இல்ல. அவங்க ஷீட்டைத்தான் நாங்க மறுபடி..."

"தெரியும்மா. இவ ஒரு தடவ தப்புப் பண்ணினவ. ரெண்டாந்தரம் பண்ண மாட்டா. நீ இன்னும் ஒண்ணுகூடப் பண்ணல, உன்ன எப்படி நம்பறது?"

பிலோமி அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, ஷீட்டை என்னிடம் கொடுத்தாள்.

கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து படித்தேன். நிலம் டிரஸ்ட்டுக்குச் சொந்தம் என்றும், வீட்டைத் தன் தாத்தா தன் செலவில் கட்டிக்கொண்டார் என்றும், யாரும் குழப்பிக்கொள்ள முடியாத கன்னடத்தில் எழுதியிருந்தது. அளவுகள் நான் எடுத்தவற்றோடு ஒத்தே இருந்தன. ஒரு இடத்தில் அரை அங்குலம் வித்தியாசம், அவள் எடுத்ததுதான் சரியாக இருக்கும். கீழே 'எழுதியவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

"சரியா இருக்குங்கண்ணா. போடுங்க" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஷீட்டுக்காக அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.